பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து

மூன்றாவது வரிசை பயந்தாங்கொள்ளிகளின் வரிசை. முதல் வரிசையில் கெட்டிக்காரர்கள் உட்காருவார்கள், கடைசி வரிசையில் தூங்குமூஞ்சிகள். முன்னால் உட்காரத் துணிவில்லாமல், பின்னால் உட்கார மனசாட்சியும் விடாமல் தவிக்கிறவர்களுக்கு மூன்றாவது வரிசை. டெஸா மெலனிச்சுக் செப்டம்பரிலிருந்து அங்கேதான் உட்கார்ந்தாள். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஜாதி அவள். அப்பேர்ப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள் என்பது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

வியாழன் காலை எட்டரை மணி வகுப்பு. பாடத்தின் பெயர் ‘கணினிப் பொறியியல்: தொழிலுக்கு ஓர் அறிமுகம்’. முதலாண்டுப் பிள்ளைகள் நூற்றிருபது பேர். நடத்துகிறவள் கோரின் ஃபஃபார்ட். முப்பத்து மூன்று வயது, ஒல்லி, எப்போதும் இருமல். தொழிலை அறிமுகம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வாரா வாரம் ஒரு விபத்தை அறிமுகம் செய்வாள். ஒரு வாரம் ஊசிமருந்து இயந்திரம், மறு வாரம் லிஃப்ட். முதல் நாளே அவள் சொன்னது இதுதான்:

“நீங்க யாரும் இன்ஜினியர் இல்ல. அப்படிச் சொல்லிக்கவும் கூடாது. லைசென்ஸ் வாங்காம சொல்லிக்கிட்டா மனிடோபா மாகாணத்துல அது சட்டப்படி குத்தம். பாட்டி கேட்டாலும் ‘படிச்சிட்டிருக்கேன்’னு மட்டும் சொல்லுங்க.”

அன்று வெளியே மைனஸ் முப்பத்தொன்று. பிள்ளைகள் கழற்றிப் போட்ட கனத்த கோட்டுகளால் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. கோரின் பலகையில் பெரிய வட்டம் ஒன்று வரைந்தாள். உச்சியில் பூஜ்யம் போட்டாள். வலப்பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே சுற்றி வந்து, பூஜ்யத்துக்கு இடப்பக்கத்தில் ஒட்டினாற்போல் 255 என்று எழுதினாள்.

“மைனஸுக்கு இடமே இல்லாத எண் வகை இது. வெறும் எட்டு பிட். இதுல பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணக் கழிச்சா என்ன வரும்?”

“மைனஸ் ஒண்ணு,” என்றான் முதல் வரிசையில் ஒருவன்.

“வராது. மைனஸ்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. அப்படியே பின்பக்கமாச் சுத்திக்கிட்டுப் போய் இருநூத்தி அம்பத்தஞ்சுல நிக்கும். உலகத்துலயே சின்ன எண்ணக் கேட்டா, இருக்கறதுலயே பெரிய எண்ணக் கொண்டுவந்து நீட்டும். அது பொய் சொல்லல. நீங்க கொடுத்த பெட்டி அப்படி.”

பிள்ளைகள் சிரித்தார்கள். டெஸா மட்டும் பேனாவை மூடிவிட்டு அந்த வட்டத்தையே பார்த்தாள்.

ஏனென்றால் அவளும் ஜோயல் பென்னரும் சேர்ந்து செய்த கருவியில் வெப்பநிலையை வாங்கி வைக்கிற இடம் அதே வகைதான். அதை எழுதியவள் அவள். இடம் மிச்சமாகட்டும் என்று, பெரிய சாமர்த்தியசாலி மாதிரி, எட்டு பிட்டில் மைனஸ் இல்லாமல் எழுதியிருந்தாள்.

கருவி இதுதான். ஊருக்கு வெளியே இன்டர்லேக் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் லோர்னா ஐனர்சன் என்கிற அம்மாள், கன்றுகளுக்கான சூட்டுப்பெட்டிக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டிருந்தாள். பிப்ரவரியில் ஈரத்தோடு பிறக்கும் கன்று அரை மணியில் விறைத்துவிடும். அதைப் பெட்டிக்குள் விட்டு ஹீட்டரைப் போட்டு உலர்த்துவார்கள். உள்ளே குளிர்ந்தால் ஹீட்டர் ஓட வேண்டும், சூடு போதுமென்றால் நின்று பச்சை விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான் கருவி. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நிஜமான ஆளுக்கு நிஜமான பொருள் செய்து கொடுக்கிற பயிற்சி.

கூடவே ஒரு சோதனைத்தாளும் உண்டு. பத்து வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘நான் செய்தேன், நான் பார்த்தேன்’ என்று அச்சடித்திருக்கும், பக்கத்தில் கையெழுத்து. செய்யாததற்குக் கையெழுத்துப் போட்டால் பாடத்தில் பூஜ்யம், பெயர் ஒழுங்குக் குழுவுக்குப் போகும், இரண்டாமாண்டில் கணினிப் பொறியியல் கிடைக்காது. ஏழாவது வரி: பூஜ்யத்துக்குக் கீழே வெப்பநிலை.

அந்தச் சோதனையை அவர்கள் விடுதியின் குளிர்பெட்டியில் செய்தார்கள். உறைபெட்டியில் யாரோ அம்மா கொடுத்தனுப்பிய பெரோகி கொழுக்கட்டை மூட்டைகளை அடைத்து வைத்திருந்ததால், கீழ்த்தட்டில் பால் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று டிகிரி காட்டியது. ஹீட்டர் சமர்த்தாக ஓடியது.

“மூணுல ஓடினா மைனஸ் மூணுல ஓடாதா? நடுவுல என்ன சுவரா இருக்கு?” என்றான் ஜோயல். “போடு கையெழுத்த. பசிக்குது.”

ஊரே உறைபெட்டியாகக் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் மைனஸ் இருபது. அதை விட்டுவிட்டு உறைபெட்டியில் இடமில்லை என்று கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை என்னவென்று சொல்வது! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது பதினொரு நாள் தாங்கியது.

டெஸா மேசைக்கடியில் போனைத் திறந்தாள். லோர்னா காலை ஏழு பத்துக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடி வைத்தது இப்போது ஞாபகம் வந்தது. ‘இன்னைக்கு ரெண்டு மாடு கன்னு போடும்போல. உங்க பெட்டிக்கு இன்னைக்குத்தான் முதல் விருந்தாளி!’

அவள் மனத்தில் கணக்கு தானாக ஓடியது. கொட்டகைக்குள் மைனஸ் இருபத்து நாலு என்று வைத்துக்கொண்டால், 256இலிருந்து 24 போக 232. இருநூற்று முப்பத்திரண்டு டிகிரி சூடு என்று நினைக்கும் கருவி. ஹீட்டர் ஒரு விநாடிகூட ஓடாது. பச்சை விளக்கு மட்டும் அழகாக எரியும்.

“ஜோயல்.” அவன் முழங்கையை இடித்தாள். “ஜோயல், நம்ம பெட்டி.”

“என்ன நம்ம பெட்டி?”

அவள் பலகையைக் காட்டினாள். ஜோயல் வட்டத்தைப் பார்த்தான். மென்றுகொண்டிருந்த பேகல் ரொட்டி வாயிலேயே நின்றது.

“அந்தம்மாவுக்கு போன் பண்ணு,” என்றான்.

நடைவழியில் நின்று நாலு தடவை அடித்தார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கொட்டகையில் சிக்னல் கிடையாது என்று லோர்னாவே சொல்லியிருக்கிறாள். ‘பெட்டியைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று டெஸா எழுதி அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளம் எதுவும் வரவில்லை. உள்ளே கோரின் இருமுவது கேட்டது. கதவு பாதி திறந்துதான் இருந்தது.

“கோரின்கிட்ட சொல்லிடலாமா?” என்றாள்.

“உனக்கென்ன பைத்தியமா? சொன்னா ரெண்டு பேரும் காலி. எங்கப்பா என்னக் கொன்னு நிலத்துக்கு உரமாப் போட்ருவாரு. வா, ஒரு மணி நேரத்துல போயிடலாம். ப்ரோக்ராம மாத்திப் போட்டுட்டு, காபி குடிச்சிட்டு, மதியம் லேபுக்கு வந்துரலாம். யாருக்குத் தெரியப் போவுது?”

யாருக்கும் தெரியாது என்பது அவளுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்வானேன். கன்று பிழைக்க வேண்டும் என்று நினைத்த அதே மூச்சில், தன் பெயரும் பிழைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

ஜோயலின் பழைய கார் நிறுத்துமிடத்துக் கம்பத்தில் மின்கயிறு மாட்டி, எஞ்சின் உறையாமல் நின்றிருந்தது. பதற்றத்தில் அவன் கயிற்றைப் பிடுங்காமலே வண்டியை எடுத்துவிட்டான். பாதிக் கயிறு காரின் மூக்கில் தொங்கி நெடுஞ்சாலை வரை தரையில் அடித்துக்கொண்டே வந்தது. இறங்கி எடுக்க இருவருக்கும் நேரமில்லை.

டெஸா மடியில் லேப்டாப்பை விரித்தாள். திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல். அதை அழிக்க நாலு விநாடி ஆனது. பிறகு மிச்ச வழி முழுக்க அந்த நாலு விநாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“ஸ்பீடாப் போயேன்டா.”

“பனில ஸ்பீடாப் போனா நாம பள்ளத்துல கெடப்போம், கன்னு பொழச்சிக்கும். பேசாம இரு.”

“செத்துப் போயிருந்தா?”

“மாடுங்க கெட்டிடி. இந்த ஊர் மாட்ட என்னன்னு நெனச்ச?”

அவன் குரலிலும் தெம்பு இல்லை. சாலையின் இருபுறமும் வெள்ளை வயல், கம்பிவேலி, மறுபடி வெள்ளை. டெஸா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் அடித்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவள் அப்படித்தான் அடிப்பாள்.

பத்தே காலுக்குப் பண்ணை வந்தது. கொட்டகைப் பக்கம் ஆள் இல்லை. வீட்டின் பின்கதவு திறந்தே கிடந்தது, அந்தக் குளிரில். டெஸா அதைப் பார்த்ததுமே வீட்டுப் பக்கம் விரைந்தாள். கதவைத் திறந்துபோட்டு ஓடுகிற பெண்பிள்ளை இல்லை லோர்னா.

“யாரு? ஜானா? இங்க வாடா, குளியலறைக்கு!” என்று குரல் வந்தது.

மகன் ஜான் வரவில்லை, இவர்கள் போனார்கள். லோர்னா குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். அறுபது வயது, அகலமான தோள், முழங்கை வரை நனைந்த சட்டை. வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு சிவப்புக் கிடேரிக் கன்று. தலையை மட்டும் லோர்னாவின் இடது கை தாங்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது.

“அட, இன்ஜினியரம்மா! நல்ல நேரத்துல வந்தீங்க. ஏன் எதுக்குன்னு அப்புறம் சொல்லு, இதோட காலத் தேய். நல்லா அழுத்தித் தேய், ஒடஞ்சிராது.”

டெஸா கோட்டோடு மண்டியிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டாள். கன்றின் கால் மரக்கட்டையாக இருந்தது.

“உயிரு இருக்கா?”

“இருக்கு. இருக்கான்னு கேக்கற அளவுக்குத்தான் இருக்கு.” லோர்னா மூச்சு வாங்கினாள். “ஒம்பது பத்துக்குப் போட்டுச்சு. தொடச்சிப் பெட்டிக்குள்ள விட்டேன். பச்ச வெளக்கு எரிஞ்சுது. சரி, இதப் பத்திக் கவலயில்லன்னு அடுத்த மாட்டப் பாக்கப் போயிட்டேன். அதுக்கு வயித்துல கன்னு குறுக்கால கெடந்துது, அத இழுத்துப் போட முக்கா மணி நேரம். திரும்பி வந்து கதவத் திறக்கறேன், உள்ள வெளியவிடக் குளுரு.”

டெஸா இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

“நான்தான் ஏதோ தப்பா மாட்டியிருக்கேன்,” என்றாள் லோர்னா. “ஒங்க மேல தப்பில்ல. சமையக்கட்டுல நீங்க மாட்டிக் காட்டினப்ப நல்லா ஓடுச்சே! எம் பையன் எப்பவும் சொல்லுவான், அம்மா நீ ரிமோட்டயே தலகீழாப் பிடிப்பேன்னு. இப்ப பாரு, ஒரு வாயில்லாத ஜீவன இப்படிப் பண்ணிட்டேன்.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நாற்பது வருடமாகக் கன்று இழுக்கிறவள். இதற்குத் திட்டியிருந்தால் டெஸா தாங்கியிருப்பாள்.

வாசலில் நின்ற ஜோயல் கனைத்தான். “ப்ளக் சரியா மாட்டலேன்னா அப்படி ஆவும், லோர்னாம்மா. நான் போய்ப் பாக்கறேன்.” அவன் டெஸாவின் முகத்தைப் பார்க்காமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

தண்ணீர் ஆறியது. லோர்னா அடைப்பைத் திறந்து பாதியை வடியவிட்டு மறுபடி வெந்நீர் பிடித்தாள். கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “கொஞ்சம் சூடு வருது,” என்றாள். பிறகு டெஸாவைப் பார்த்து, “நீ ஏன் அழுவற? பயப்படாத. இந்தக் கதைய ஒங்க டீச்சர்கிட்ட சொல்ல மாட்டேன். ஒங்களப் பத்தி அவங்க எழுதிக் கேட்ட தாள ஞாயித்துக்கெழமயே எழுதிட்டேன், ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. ‘நல்லா வேல செய்யுது, தங்கமான பிள்ளைங்க’ன்னு. என் மடத்தனத்துக்கு ஒங்க மார்க்குல கை வைப்பனா?” என்றாள்.

ஆக, அந்தம்மாளும் பெட்டி ஒரு கன்றைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் போட்டது அன்பினால், இவள் போட்டது பசியினால். வழி சுத்தமாகத் திறந்து கிடந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் அவளாக இருந்திருந்தால் மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ.

ஜோயல் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். மூக்கு சிவந்திருந்தது. “சரி பண்ணிட்டேன். இப்ப ஹீட்டர் ஓடுது. ப்ளக்குதான் கொஞ்சம் லூஸு.”

“பாத்தியா, சொன்னேன்ல,” என்றாள் லோர்னா. ஏதோ திருட்டுத்தனத்தில் பிடிபட்டவள் போல் தலையைக் குனிந்துகொண்டாள். தன் வீட்டுக்குள், தன் கன்றின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, அவள் தலைகுனிந்தாள்.

டெஸாவால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

“ப்ளக் இல்ல,” என்றாள்.

ஜோயல் அவள் காலணியை மிதித்தான்.

“ப்ளக் சரியாத்தான் மாட்டியிருந்தீங்க. எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. நான் எழுதினதுதான் தப்பு. பூஜ்யத்துக்குக் கீழ போனா அந்தப் பெட்டிக்குப் பயங்கரச் சூடுன்னு தோணும். குளுரு ஏற ஏற, சூடு போதும் போதும்னு நிக்கும். அதான் பச்ச வெளக்கு.”

லோர்னாவின் கை நின்றது. “குளுருல ஓடுதான்னு பாக்கலியா?”

“பாக்கல.”

“நீ என்கிட்ட ஒரு தாளக் காமிச்சியே. பத்து வரி. எல்லாத்துலயும் கையெழுத்து இருந்துச்சே.”

“இருந்துச்சு.”

“பாக்காமயே பாத்தேன்னு எழுதினியா?”

“ஆமாம்மா.”

லோர்னா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஆறுதல் சொல்லவில்லை. பரவாயில்லை என்ற வார்த்தைக்கு அந்த முகத்தில் இடமே இல்லை. பிறகு ஜோயலைப் பார்த்து, “நீ வெளிய போ,” என்றாள். அவன் போனான்.

“ஃப்ரிட்ஜ் மேல இருக்கற தாளக் கிழிச்சிருங்க,” என்றாள் டெஸா. “மதியம் நானே கோரின்கிட்ட போய்ச் சொல்லிடறேன்.”

“என்ன செய்வாங்க?”

“அந்தப் பாடத்துல பூஜ்யம். ரெண்டாவது வருஷம் இதுல எடம் கெடைக்காது.”

“ம்,” என்றாள் லோர்னா. “துண்ட எடு.”

இருவருமாகக் கன்றைத் தூக்கிக் குளியலறைத் தரையில் விரித்த போர்வையில் போட்டார்கள். தேய்த்துத் தேய்த்து முக்கால் மணி போயிற்று. முதலில் முன்கால் ஒன்று உதைத்தது. அப்புறம் தலை எழுந்தது. கடைசியில், குடித்துவிட்டு வருகிறவன் போல் தள்ளாடி எழுந்து நின்று, கழிப்பறைத் தொட்டியில் முட்டிக்கொண்டு, ஒரு குரல் கொடுத்தது. டெஸா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லோர்னா அழவில்லை. கன்றின் காதுகளை நுனியிலிருந்து அடிவரை விரலால் அமுக்கிப் பார்த்தாள். இரண்டும் அட்டைபோல் விறைத்திருந்தன.

“இது போயிரும்,” என்றாள். “பத்து நாள்ல கருத்து விழுந்துரும். வாலு நுனியும். மத்தபடி பொழச்சிக்கும்.”

சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு சிவப்பு நோட்டு ஒன்றை எடுத்தாள். கன்று போடும் பருவம் முழுக்க அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பைக்குள்ளேயே வைத்திருக்கும் நோட்டு. ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, பேனா முனையை நாக்கில் தொட்டு, சொல்லிக்கொண்டே எழுதினாள்.

“தாய் நம்பர் நாப்பத்தி ஒண்ணு. கிடேரி. காலைல ஒம்பது பத்து. தானாப் போட்டுது. ரெண்டு காதும் உறைஞ்சுது.”

பேனா நின்றது. அந்த ஊரில் மைனஸ் முப்பத்தொன்றில் காது உறைந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. குளிர் என்று ஒரு வார்த்தை எழுதினால் தீர்ந்தது. லோர்னா அதை எழுதாமல் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“இங்க காரணம் எழுதணும். வருஷா வருஷம் இந்த மாட்டப் பாக்கறப்பல்லாம் எடுத்துப் படிப்பேன். என்ன எழுதட்டும்?”

“என் பேர எழுதுங்க,” என்றாள் டெஸா.

“முழுப் பேரு?”

“டெஸா மெலனிச்சுக்.”

“அது எனக்கு எழுத வராது,” என்றாள் லோர்னா. “ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு.”

டெஸா சொன்னாள்.